சாலையோரப் பலகைகளும் மின்னணுத் திரைகளும்: உள்ளாட்சி விதியில் என்ன இருக்க வேண்டும்?

கேள்வி இதுதான்: ஊரின் விளம்பரப் பலகை விதிகள் தகரப் பலகைக் காலத்தில் எழுதப்பட்டவை. இப்போது மின்னணுத் திரை வைக்க அனுமதி கேட்டு மனுக்கள் வந்திருக்கின்றன. கடைக்காரர்கள் வரட்டும் என்கிறார்கள். எதிர்வீட்டுக்காரர்கள் கண் கூசும் என்கிறார்கள். அடியோடு தடுத்துவிடலாமா, நிபந்தனையோடு விடலாமா, விதியை எப்படி எழுதுவது என்று நகர்மன்றக் குழுவில் இருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். மனுக்கள் மேசையில் இருக்கும்போதே புது விதி எழுத உட்கார்ந்தால், விதி முடிவதற்குள் அந்த மனுக்கள் பழைய விதியின்படி அனுமதி பெற்றுவிடலாம். சில இடங்களில் மனு கொடுத்த நாளில் எந்த விதி இருந்ததோ அதுவே செல்லும். ஆகவே மன்றத்தில் ஒரு தீர்மானம் போட்டு, புதிய மின்னணுப் பலகை அனுமதிகளைத் தற்காலிகமாக நிறுத்தி வையுங்கள். அதற்குக் காரணம் எழுதப்பட்டிருக்க வேண்டும், முடிவு தேதியும் இருக்க வேண்டும். ஆறு மாதம் என்றால் நீதிமன்றம் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். ‘மறு உத்தரவு வரும் வரை’ என்று எழுதினால் அது மறைமுகத் தடை என்று எடுத்துக்கொள்ளப்படும்.

இந்த அவசரத்துக்குக் காரணம் உண்டு. ஒரு திரை சட்டப்படி ஒருமுறை எழுந்துவிட்டால் அதை இறக்குவது மிகக் கடினம். தகரப் பலகையில் போட்ட பணம் கொஞ்சம். திரையில் போட்ட பணம் பெரிது, அதில் வரும் வருமானம் அதைவிடப் பெரிது. ஒரே தூணில் ஒரு விளம்பரதாரருக்குப் பதில் எட்டுப் பேரிடம் வாடகை வாங்கலாம். அவ்வளவு வருமானம் தரும் ஒன்றை எந்த நிறுவனமும் வழக்கில்லாமல் விட்டுக்கொடுக்காது. எனவே ‘வைத்துப் பார்ப்போம், தொந்தரவு என்றால் எடுத்துவிடலாம்’ என்று யாராவது மன்றத்தில் சொன்னால், எடுக்கும் உரிமை அனுமதிப் பத்திரத்திலேயே இருக்கிறதா என்று அப்போதே கேளுங்கள்.

இனி விதி எழுதுவது. நான் எல்லோரிடமும் சொல்லும் சோதனை ஒன்று உண்டு: பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமலேயே, அது விதிக்கு உட்பட்டதா இல்லையா என்று ஆய்வாளரால் சொல்ல முடிய வேண்டும். அளவு நாடா, கடிகாரம், வெளிச்சம் அளக்கும் கருவி, தூரம் குறிக்கும் வரைபடம், இவை போதுமென்றால் விதி நல்ல விதி. வாசகத்தைப் படித்துப் பார்த்துத்தான் ‘இது எந்த வகை’ என்று முடிவு செய்ய வேண்டியிருந்தால், அந்த இடத்தில்தான் வழக்கு முளைக்கும்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் கில்பர்ட் என்ற ஊர். அந்த ஊரின் விதி தற்காலிகப் பலகைகளை வாசகத்தை வைத்துப் பிரித்திருந்தது. கொள்கை, கருத்து சொல்லும் பலகை 20 சதுர அடி வரை, கால வரம்பில்லை. தேர்தல் பலகை சில இடங்களில் 32 சதுர அடி வரை, தேர்தலை ஒட்டிய காலத்துக்கு மட்டும். ஒரு நிகழ்ச்சிக்கு வழிகாட்டும் பலகை என்றால் 6 சதுர அடிதான். நிகழ்ச்சிக்கு 12 மணி நேரம் முன்பு வைத்து, முடிந்த 1 மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். சொந்தக் கட்டடம் இல்லாத ஒரு சிறிய தேவாலயம் வாரா வாரம் இடம் மாற்றித் தொழுகை நடத்தியது. வழிகாட்டிப் பலகை இல்லாமல் ஆட்கள் வந்து சேர மாட்டார்கள். பலகையைக் கொஞ்சம் தாமதமாக எடுத்ததற்கு ஊராட்சி நோட்டீஸ் கொடுக்க, விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2015இல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக ஊருக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். வாசகத்தைப் பொறுத்து அளவும் நேரமும் மாறுவதால் அது பேச்சுரிமையைத் தொடும் விதி, அதற்கு மிகக் கடுமையான நியாயம் காட்ட வேண்டும், ‘ஊர் அழகு’ என்பது அதற்குப் போதாது என்பதே தீர்ப்பின் சாரம்.

அந்த விதியை எழுதியவர்களுக்குத் தேவாலயத்தின் மீது பகை எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். எல்லா ஊர்களிலும் விதி இப்படித்தான் வளர்கிறது. வீடு விற்பனைப் பலகைக்கு ஒரு பிரிவு, திருவிழாவுக்கு ஒரு பிரிவு, கட்சிக்கு ஒரு பிரிவு என்று வருகிற புகாருக்கெல்லாம் ஒரு பிரிவு சேர்த்துக்கொண்டே போவார்கள். முடிவில் எந்தப் பேச்சுக்கு எவ்வளவு இடம் என்று ஊராட்சியே பங்கு போட்டுக் கொடுத்ததுபோல் ஆகிவிடும்.

அதே தீர்ப்பில் மூன்று நீதிபதிகள் தனியாக எழுதிய குறிப்பு விதி எழுதுகிறவர்களுக்கு மிகவும் பயன்படும். எவற்றையெல்லாம் தடையின்றி ஒழுங்குபடுத்தலாம் என்று அதில் வரிசையாகச் சொன்னார்கள்: அளவு, இடம், தனியாக நிற்பதா கட்டடத்தில் ஒட்டியதா, விளக்கு உண்டா இல்லையா, நிலையான வாசகமா மாறும் வாசகமா, ஒரு மைல் சாலைக்கு எத்தனை பலகை. கவனித்தால் இவை எல்லாமே பொருளைப் பற்றியவை. மின்னணுத் திரைக்குத் தனி விதி வைக்கலாம் என்பதற்கு இதிலேயே வழி இருக்கிறது. ‘மாறும் வாசகம்’ என்பது வாசகம் எதைச் சொல்கிறது என்பதைப் பற்றிய கேள்வி இல்லை.

இங்கிலாந்து வேறு வழியில் கிட்டத்தட்ட இதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. அங்கே 2007இல் வந்த விளம்பரக் கட்டுப்பாட்டு ஒழுங்குமுறை, உள்ளாட்சி இரண்டே இரண்டு விஷயங்களைத்தான் பார்க்கலாம் என்கிறது: சுற்றுப்புறத்தின் தோற்றமும் இனிமையும் ஒன்று, பொதுமக்களின் பாதுகாப்பு இன்னொன்று. அந்த இரண்டுக்கும் தேவைப்பட்டால் ஒழிய, விளம்பரம் எதைப் பற்றியது என்பதில் நிபந்தனை போடக் கூடாது. அனுமதியும் வழக்கமாக ஐந்து ஆண்டுக்குத்தான். எனக்கு இந்த ஏற்பாடு பிடிக்கும். பார்க்க வேண்டியது இரண்டே என்றால் கூட்டத்தில் பேச்சு திசைமாறாது. போட்டிக் கடைக்காரர் ‘ஏற்கெனவே இந்த ஊரில் விளம்பரம் அதிகம்’ என்று கிளப்பும் ஆட்சேபத்தை ஒரே வரியில் ஒதுக்கிவிடலாம்.

ஒரு பிரிவு மட்டும் வாசகத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறது. கடை இருக்கும் இடத்திலேயே அந்தக் கடைக்கு வைக்கும் பெயர்ப் பலகை ஒரு வகை. வேறெங்கோ இருக்கும் பொருளுக்கோ சேவைக்கோ இங்கே வைக்கும் விளம்பரம் இன்னொரு வகை. உலகெங்கும் ஊர்கள் முதலாவதை விட்டு இரண்டாவதைக் கட்டுப்படுத்துகின்றன. ஆனால் எது எந்த வகை என்று அறியப் பலகையைப் படிக்க வேண்டும் அல்லவா? இதே கேள்வியை அமெரிக்காவின் ஆஸ்டின் நகரத்துக்கு எதிராக ஒரு விளம்பர நிறுவனம் எழுப்பியது. நிறுவனத்தின் பழைய பலகைகளைத் திரையாக மாற்ற நகரம் மறுத்ததுதான் வழக்கு. 2022இல் உச்ச நீதிமன்றத்தில் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் நகரம் வென்றது. இடத்தோடு உள்ள தொடர்பைத் தெரிந்துகொள்ளப் படிப்பது வேறு, கருத்தைப் பார்த்து நடத்துவது வேறு என்றார்கள் நீதிபதிகள். எனவே இந்தப் பிரிவினையை வைத்துக்கொள்ளலாம். மற்ற பிரிவினைகளைக் குறைத்துவிடுங்கள். தற்காலிகப் பலகை என்று ஒரே வகை, அதற்கு ஒரே அளவு, ஒரே கால வரம்பு. கட்சி, கல்யாணம், தள்ளுபடி எல்லாம் அதற்குள் அடங்கட்டும். உங்கள் நாட்டு அரசியல் சட்டம் வேறாக இருக்கலாம். ஆனாலும் வாசகத்தைப் படிக்காமல் நடத்த முடிகிற விதிதான் எந்த நாட்டிலும் பாரபட்சப் புகார் வராத விதி.

அடுத்தது அதிகார எல்லை. சலிப்பான பகுதி, ஆனால் இதில்தான் உயிர் போகிறது. ஊருக்குள் ஓடும் சாலை எல்லாம் ஊராட்சியின் சாலை இல்லை. நெடுஞ்சாலைத் துறை, ரயில்வே, துறைமுகம், ராணுவம் என்று ஒவ்வொருவருக்கும் நிலம் இருக்கும், ‘எங்கள் நிலத்தில் உங்கள் விதி செல்லாது’ என்ற கடிதமும் இருக்கும். 2024 மே 13 அன்று மும்பையின் காட்கோபரில் புழுதிப் புயலில் ஒரு ராட்சத ஹோர்டிங் பெட்ரோல் பங்க் மேல் சாய்ந்து 17 பேர் இறந்தார்கள். அதன் அளவு 120 அடிக்கு 120 அடி. மாநகராட்சி அனுமதிக்கும் உச்ச அளவு 40 அடிக்கு 40 அடி. அதாவது பரப்பில் ஒன்பது மடங்கு. பலகை நின்றது ரயில்வே காவல்துறையின் பொறுப்பில் இருந்த நிலம். தங்களிடம் அனுமதியே பெறவில்லை என்றது மாநகராட்சி. காற்றின் விசை பரப்போடு நேராக ஏறும், வேகத்தின் இருமடியோடு ஏறும். காற்று வேகம் இரட்டித்தால் பலகையைத் தள்ளும் விசை நான்கு மடங்கு. உயரம் கூடினால் அந்த விசை அடித்தளத்தைப் புரட்டும் வலுவும் சேர்ந்து கூடும். ஆகவே, நிலம் யாருடையதாக இருந்தாலும் பலகையின் கட்டமைப்புக்கு ஊராட்சியின் சான்று வேண்டும் என்பதை மாநில அரசு வழியாகவாவது உறுதி செய்துகொள்ளுங்கள். தோற்றம், வாடகை, வருமானம் எல்லாம் அவர்களோடு பேசித் தீர்த்துக்கொள்ளலாம். தூணின் பலத்தில் மட்டும் இரண்டு அதிகாரம் இருக்கக் கூடாது. கட்டமைப்புப் பொறியாளரின் சான்று வைக்கும்போது ஒருமுறை, பிறகு குறிப்பிட்ட இடைவெளியில் ஒவ்வொரு முறையும் வர வேண்டும். துரு ஒரே நாளில் பிடிப்பதில்லை.

இப்போது திரைக்கு வருவோம்.

திரை ஓட்டுநரின் கவனத்தைத் திருப்புமா? விளம்பர நிறுவனம் ‘ஆராய்ச்சி எதுவும் நிரூபிக்கவில்லை’ என்று ஒரு கோப்பைக் கொண்டுவரும். எதிர்ப்பாளர் ‘நிரூபிக்கப்பட்டுவிட்டது’ என்று இன்னொன்றைக் கொண்டுவருவார். இரண்டுமே முழு உண்மை இல்லை. அமெரிக்கக் கூட்டாட்சி நெடுஞ்சாலை நிர்வாகம் இரண்டு நகரங்களில் ஓட்டுநர்களின் கண் அசைவைப் பதிவு செய்து வெளியிட்ட ஆய்வில், திரை மீது பார்வை நின்ற நேரம் சராசரியாக அரை விநாடிக்கும் குறைவு என்று வந்தது. சுவீடனில் ஸ்டாக்ஹோமுக்கு அருகே சோதனை அனுமதியில் வைத்த திரைகளை 41 ஓட்டுநர்களை வைத்து ஆராய்ந்தார்கள். அதே சாலையின் மற்றப் பலகைகளைவிட இவற்றின் மேல் கண் அதிகமுறை போனது, அதிக நேரம் நின்றது என்று 2013இல் வெளியிட்டார்கள். ஆனால் வண்டி ஓட்டும் விதத்தில் தெளிவான மாற்றம் அவர்களுக்கும் தென்படவில்லை. இருந்தும் அந்தத் திரைகள் அகற்றப்பட்டன.

சராசரியை வைத்து வாதாடுகிறவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். விபத்து சராசரிப் பார்வையால் நடப்பதில்லை, எப்போதாவது நேரும் நீண்ட பார்வையால் நடக்கிறது. நூறு கார்களில் கேமரா பொருத்தி நடத்திய அமெரிக்க ஆய்வு ஒன்று, எந்தக் காரணத்துக்காகவானாலும் சாலையை விட்டு இரண்டு விநாடிக்கு மேல் கண் விலகினால் விபத்தோ விபத்தை நெருங்கிய நிலையோ நேரும் வாய்ப்பு குறைந்தது இருமடங்காகிறது என்று கண்டது. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் இரண்டு விநாடி என்றால் 44 மீட்டர். முன்னே போகும் வண்டி பிரேக் போட அது தாராளம். ஆகவே விதியின் நோக்கம் திரையைப் பார்க்கவிடாமல் செய்வது ஆகாது. ‘அடுத்து என்ன வரும்’ என்று கண் காத்திருக்கும்படி ஆகாமல் தடுப்பதே.

படம் மாறும் நேரத்தை இந்தக் கோணத்தில்தான் கணக்கிட வேண்டும். 2007இல் அதே நெடுஞ்சாலை நிர்வாகம் கொடுத்த வழிகாட்டுதலில், ஒரு படம் 4 முதல் 10 விநாடி நிற்கலாம், 8 நல்லது என்று இருந்தது. அந்த 8 உலகம் முழுக்கப் பரவிவிட்டது. இங்கிலாந்தில் 10 விநாடி வழக்கம். பல ஊர்கள் இந்த எண்ணை அப்படியே எழுதிக்கொள்கின்றன. ஆனால் சாலையைப் பார்க்காமல் எழுதிய எண்ணுக்குப் பொருள் கிடையாது. திரை 300 மீட்டர் தூரத்திலிருந்தே தெரிகிறது, வண்டி 80 கி.மீ. வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தூரத்தைக் கடக்க 13 விநாடிக்கு மேல் ஆகும். படம் எட்டு விநாடிக்கு ஒருமுறை மாறினால் கடந்து போகிற ஒவ்வொரு ஓட்டுநரும் குறைந்தது ஒரு மாற்றத்தையாவது பார்ப்பார். படம் நிற்கும் நேரம், பார்வைத் தூரத்தைக் கடக்கும் நேரத்தைவிடக் கூடுதலாக இருந்தால்தான் பெரும்பாலோர் அதிகபட்சம் ஒரே மாற்றத்தோடு கடந்து போவார்கள். நேரம் நீள நீள மாற்றத்தையே பார்க்காமல் போகிறவர்களும் கூடுவார்கள். ஆக, விதியில் விநாடியை எழுதாமல் சூத்திரத்தை எழுதுங்கள்: பார்வைத் தூரத்தைச் சாலையின் வேக வரம்பால் வகுத்து வரும் விநாடி, அல்லது 10 விநாடி, எது கூடுதலோ அது. சிக்னலில் வண்டிகள் நின்று காத்திருக்கும் சந்திப்புக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே திரையே வேண்டாம் என்று சொல்வதுதான் நல்லது, பச்சை விளக்கையும் நடப்பவரையும் தேட வேண்டிய இடம் அது.

படம் மாறும் விதமும் முக்கியம். மெல்லக் கரைவது, நகர்ந்து வருவது, சிமிட்டுவது, வீடியோ எல்லாம் வேண்டாம். ஒரே கணத்தில் மாறட்டும். ஒரு வாக்கியத்தைத் துண்டாக்கி அடுத்தடுத்த படங்களில் ஓடவிடுவதையும், அடுத்தடுத்த திரைகளில் தொடர்ச்சி வைப்பதையும் தடுத்துவிடுங்கள். கதை பாதியில் நின்றால் மீதியைத் தெரிந்துகொள்ளக் கண் தானாகத் திரும்பும், அதை விளம்பரக்காரர்கள் நன்றாக அறிவார்கள். ஒரே நேரத்தில் ஓட்டுநர் கண்ணில் இரண்டு திரைகள் படக் கூடாது. இடைவெளியை மீட்டரில் சொல்வதைவிட இப்படிச் சொல்வது பொருளுள்ளது. போக்குவரத்து விளக்கு, எச்சரிக்கைப் பலகை இவற்றின் பின்னணியாகத் திரை அமையக் கூடாது என்றும் சேருங்கள். இரவில் சிவப்புப் பின்னணியில் சிவப்பு விளக்கு தொலைந்துபோகும். சாலைக் குறிகளோடு குழம்பும்படியோ, ஓட்டுநரின் கண்ணைக் கூசவைக்கும்படியோ, ஆபத்தாகும் அளவுக்குக் கவனத்தைத் திருப்பும்படியோ பலகை வைப்பதை 1968ஆம் ஆண்டு வியன்னா சாலைக் குறிகள் உடன்படிக்கையின் நான்காம் பிரிவே தடுக்கச் சொல்கிறது. புது யோசனை எதுவும் இல்லை.

வெளிச்சத்தைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். புகார்களில் பெரும்பங்கு இதில்தான் வரும், விதிகளும் இதில்தான் மொண்ணையாக இருக்கும். ‘கண்ணைக் கூசும் வகையில் இருக்கக் கூடாது’ என்று எழுதி வைத்தால் யாருடைய கண் என்பதே வழக்காகிவிடும்.

இரண்டு அளவுகள் புழக்கத்தில் உள்ளன. ஒன்று, திரையின் பரப்பு எவ்வளவு ஒளிர்கிறது என்பது. அலகு நிட், அதாவது சதுர மீட்டருக்கு ஒரு கேண்டெலா. இன்னொன்று, திரையிலிருந்து வரும் வெளிச்சம் குறிப்பிட்ட இடத்தில் எவ்வளவு விழுகிறது என்பது; அலகு லக்ஸ். அமெரிக்க ஊர்கள் பலவற்றில் இரண்டாவது முறை உண்டு: சுற்றியுள்ள வெளிச்சத்தைவிடத் திரை 0.3 அடி-கேண்டிலுக்கு மேல் கூட்டக் கூடாது, அதாவது ஏறக்குறைய 3.2 லக்ஸ். எவ்வளவு தூரத்தில் அளப்பது என்பதற்கும் சூத்திரம் உண்டு: திரையின் பரப்பை நூறால் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். 25 சதுர மீட்டர் திரை என்றால் 50 மீட்டர் தூரம். விளம்பரத் தொழில் சங்கத்துக்காக 2008இல் ஓர் ஒளியியல் நிபுணர் பரிந்துரைத்த முறை இது. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒன்று தெரியும். அந்தத் தூரத்தில் 3.2 லக்ஸ் விழ வேண்டுமானால், திரை முழு வெள்ளையில் சுமார் 320 நிட் ஒளிர வேண்டும், திரை எவ்வளவு பெரியதானாலும் சரி. ஆகவே ‘300 நிட்’ என்று எழுதும் ஊரும் ‘3.2 லக்ஸ்’ என்று எழுதும் ஊரும் ஏறக்குறைய ஒரே விதியைத்தான் எழுதுகின்றன.

வித்தியாசம் அளப்பதில். நிட் அளக்கும் கருவி விலை அதிகம், பயிற்சி வேண்டும். லக்ஸ் கருவி மலிவு, யாரும் பிடித்து அளக்கலாம். ஆனால் திரையை ஒருமுறை அணைத்தும் ஒருமுறை முழு வெள்ளையில் எரியவிட்டும் அளந்து கழித்தால்தான் கணக்கு சரிவரும். அதற்கு நிறுவனம் ஒத்துழைக்க வேண்டும். எனவே ஆய்வாளர் கேட்டால் குறிப்பிட்ட நேரத்துக்குள் வெள்ளைப் படமும் கறுப்புப் படமும் காட்ட வேண்டும் என்பதை அனுமதியின் நிபந்தனையாகவே எழுதுங்கள். இந்த ஒரு வரி இல்லாததால் வெளிச்ச விதி வெறும் காகிதமாகக் கிடக்கும் ஊர்கள் உண்டு.

இரவில் 300 நிட் என்பது, தெருவிளக்கு உள்ள கடைத்தெருவுக்குச் சரி. விளக்கில்லாத ஊர்ப்புறச் சாலையில் அதே 300 பெரும் வெளிச்சம். அங்கே அதில் பாதிக்கும் கீழே வையுங்கள், அல்லது திரையே வேண்டாம் என்று மண்டலம் பிரித்துவிடுங்கள். பகலில் வெயிலோடு போட்டியிட எல்இடி திரைக்கு 5,000 நிட் அல்லது அதற்கு மேல் தேவைப்படும். அதாவது சுற்றுப்புற வெளிச்சத்துக்கு ஏற்பத் திரையைக் கூட்டிக் குறைக்கும் உணரி (சென்சார்) பழுதாகி இரவிலும் பகல் அளவிலேயே எரிந்தால், விதி அனுமதிப்பதைவிடப் பதினைந்து மடங்குக்கு மேல். இது அரிதாக நடக்கும் விஷயமும் இல்லை. உணரி பழுதானால் திரை தானாக இரவு அளவுக்கு இறங்க வேண்டும், படம் பழுதானால் கறுப்பாக வேண்டும், இரவில் அழைத்தால் எடுக்கும் தொலைபேசி எண் ஒன்று ஊராட்சியிடம் இருக்க வேண்டும்.

நள்ளிரவுக்குப் பிறகு அணைக்கச் சொல்லலாமா என்றால், தாராளமாக. பிரான்ஸ் 2022 அக்டோபர் முதல், விமான நிலையம் போன்ற சில இடங்கள் நீங்கலாக, எல்லா ஊர்களிலும் ஒளிரும் விளம்பரங்களை நள்ளிரவு 1 மணி முதல் காலை 6 மணி வரை அணைக்கச் சொல்கிறது. அரிசோனாவில் 2012இல் வந்த மாநிலச் சட்டம் 300 நிட் உச்சவரம்போடு இரவு 11 மணிக்குமேல் அணைக்கவும் சொன்னது. அங்கே குரல் கொடுத்தவர்கள் வானியலாளர்கள், மலை உச்சிகளில் தொலைநோக்கிகள் இருப்பதால். பார்க்க ஆளில்லாத நேரத்தில் அணைப்பதற்கு நிறுவனங்கள் பெரிதாகச் சண்டை போடுவதும் இல்லை.

ஏற்கெனவே நிற்கும் பலகைகளை என்ன செய்வது? சொல்லப்போனால் இதுதான் கொள்கை. புதிய விதி புதிய பலகைக்கு மட்டும் என்றால், பழைய பலகையின் சொந்தக்காரருக்கு நீங்கள் ஏகபோக உரிமை எழுதிக் கொடுக்கிறீர்கள். அமெரிக்காவில் 1965இல் நெடுஞ்சாலை அழகுபடுத்தும் சட்டம் வந்தது; விதிக்கு ஒவ்வாத பலகைகளை அகற்றுவதே நோக்கம். அகற்றினால் சொந்தக்காரருக்குப் பண இழப்பீடு கொடுத்தே ஆக வேண்டும் என்பதை 1978 திருத்தம் உள்ளூர் விதிகளுக்கும் விரித்தது. அரசு இழப்பீட்டுக்குப் பணம் ஒதுக்குவதைக் குறைத்தது. விளைவு, ஒழிக்க நினைத்த பலகைகளே சட்டத்தின் காவலில் நிற்கின்றன. உங்கள் நாட்டில் அப்படிக் கட்டாயம் இல்லையென்றால், போட்ட முதல் திரும்பும் அளவுக்குச் சில ஆண்டுகள் அவகாசம் கொடுத்து, அதன் பிறகு இழப்பீடில்லாமல் அகற்றும் முறை நியாயமானது.

நிறுவனங்கள் ‘மூன்று பழைய பலகையை எடுத்துவிடுகிறோம், ஒரு திரை கொடுங்கள்’ என்று பேரம் பேச வரும். கெட்ட பேரம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எடுக்கப்போவது எந்தப் பலகை என்று பாருங்கள். யாரும் போகாத சந்தில் துருப்பிடித்து நிற்பதை எடுத்துவிட்டு முதன்மைச் சாலையில் திரை கேட்பார்கள். பழையவை இறங்கிய பிறகே திரை எழ வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பேரம் மன்றத்தின் திறந்த கூட்டத்தில் நடக்கட்டும். லாஸ் ஏஞ்சலஸ் நகரம் 2006இல் இரண்டு பெரிய நிறுவனங்களோடு வழக்குச் சமரசமாக ஓர் ஒப்பந்தம் போட்டு, நூற்றுக்கணக்கான பலகைகளைத் திரையாக்க அனுமதித்தது. நகரத்தின் தடையை மீறி, பொது விசாரணை இல்லாமல் இப்படிச் சலுகை கொடுக்க முடியாது என்று போட்டி நிறுவனம் ஒன்று வழக்குப் போட்டது. 2012 இறுதியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒப்பந்தமே செல்லாது என்றது. அதற்குள் மாற்றியிருந்த சுமார் நூறு திரைகளும் மறு ஆண்டில் அணையத் தொடங்கின.

முழுத் தடை சாத்தியமா என்பதற்கும் பதில் இருக்கிறது. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம் 1968இல் சட்டம் போட்டு 1974க்குள் தன் சாலைகளில் விளம்பரப் பலகைகளை முழுக்க நீக்கியது. அதற்குப் பதிலாக, ஒரே அளவு, ஒரே எழுத்துருவில் அரசே வைக்கும் சிறு வழிகாட்டிப் பலகைகளில் கடைகள் பெயர் போட்டுக்கொள்ளலாம். உட்சாலையில் இருக்கும் சிறு தொழிலுக்கு இது பெரிய உதவி. பிரேசிலின் சாவோ பாவ்லோ நகரம் 2006இல் ‘தூய நகரம்’ சட்டத்தை இயற்றி 2007 ஜனவரி 1 முதல் எல்லா வெளிப்புற விளம்பரங்களையும் தடுத்தது. சுமார் 15,000 ஹோர்டிங்குகள் இறங்கின. கடைப் பெயர்ப் பலகைக்கும் முகப்பின் அகலத்தை வைத்து அளவு: 10 மீட்டருக்குக் குறைந்த முகப்பு என்றால் ஒன்றரை சதுர மீட்டர். சில ஆண்டுகள் கழித்துப் பேருந்து நிழற்குடையிலும் தெருக் கடிகாரத்திலும் மட்டும் விளம்பரத்தை நகரமே ஒப்பந்த முறையில் திரும்ப அனுமதித்தது. பதிலுக்கு அவற்றைக் கட்டிப் பராமரிக்கும் பொறுப்பு நிறுவனத்தினுடையது. எல்லோருக்கும் ஒரே தடை, பின்னர் எண்ணி வைத்த இடங்களில் மட்டும் அனுமதி என்ற இந்த வரிசை எனக்குச் சரியாகப் படுகிறது. எதிர்வரிசையில் போனவர்கள் யாரும் தடைக்கு வந்து சேர்ந்ததாக எனக்குத் தெரிந்து இல்லை.

எழுதும்போது மறந்துவிடும் சில இடுக்குகள் உண்டு. வெளியே திரை வைக்கத் தடை என்றால் கண்ணாடிக்கு உள்ளே தெருவைப் பார்த்து வைப்பார்கள். ‘பலகை’ என்பதற்கு விதி தரும் விளக்கத்தில் உள்ளே வைத்து வெளியே தெரிவதும் அடங்கட்டும். பிரான்ஸ் 2021இல் சட்டம் திருத்திய பிறகுதான் அங்கே உள்ளாட்சிகளுக்கு இதில் கைவைக்க வழி பிறந்தது. திரை பொருத்திய லாரியை நாள் முழுக்க ஓரமாக நிறுத்தி வைப்பதும் பலகைதான். பள்ளி, கோயில், கல்லூரி வாசலில் வைக்கும் சிறு ஓடும் எழுத்துப் பலகைகளுக்கும் அதே வெளிச்ச விதி பொருந்த வேண்டும். நல்ல நோக்கத்துக்காக எரியும் விளக்கும் எதிர்வீட்டுப் படுக்கையறையில் அதே அளவு வெளிச்சத்தைத்தான் கொட்டும்.

கடைசியாக நடைமுறை. ஒவ்வொரு தூணின் அடியிலும் அனுமதி எண்ணும் முடியும் தேதியும் பொறித்த தகடு இருக்க வேண்டும், நடந்து போகிற எவரும் படித்து ஊராட்சியில் கேட்கும்படி. எண் இல்லாத பலகை அனுமதி இல்லாத பலகை என்று விதியே சொல்லிவிடட்டும். நிரூபிக்கும் சுமை மாறிவிடும். அபராதத்தை ஒருமுறைத் தொகையாக வைக்காதீர்கள், நாள் கணக்கில் வையுங்கள். நல்ல இடத்துத் திரை ஒரே நாளில் சம்பாதிப்பதைவிட அபராதம் குறைவாக இருந்தால் அதையும் ஒரு வாடகையாகக் கணக்கில் எழுதிவிட்டுத் தொடர்வார்கள். அகற்றும் செலவுக்கு முன்கூட்டியே வைப்புத்தொகை வாங்குங்கள், மூன்றாம் நபர் காப்பீடும் கேளுங்கள், ஆண்டுதோறும் அதன் நகல் வராவிட்டால் அனுமதி தானாக முடிந்துவிடும்படி எழுதுங்கள். நிறுவனம் பெயர் மாற்றிக்கொண்டோ கைமாறியோ போகும், தூண் அங்கேயே நிற்கும். எனவே நோட்டீஸ் நிறுவனத்துக்கு மட்டும் போகாமல் நிலத்தின் சொந்தக்காரருக்கும் சேர்ந்து போகும்படி செய்துவிட்டால், பாதிப் பலகைகளுக்கு ஊராட்சி கிரேன் அனுப்ப வேண்டியிருக்காது.